எறும்பு கடலைக் குடித்து முடிக்கும் வரை

முதல் நாள், சனிக்கிழமை, ஜூன் 7

தம்பி எடின்பரோவில் படிக்கிறான். அவனைப் பார்க்க அம்மாவும் நானும் வந்து ஒரு வாரம் ஆகிறது. கோட்டை, அரண்மனை, கடைத்தெரு எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சமிருந்த நான்கு நாட்களை ஒரு சின்னத் தீவுக்காகவே ஒதுக்கி வைத்திருந்தேன். பெயர் இன்ச்கோல்ம். ஃபோர்த் நதி கடலோடு கலக்கும் அகன்ற கழிமுகத்தில், வடகரையை ஒட்டிக் கிடக்கிறது. 'இன்ச்' என்றால் தீவு. 'கோல்ம்' என்பது 6ஆம் நூற்றாண்டுத் துறவியான புனித கொலும்பாவின் பெயர். அங்கே 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு துறவியர் மடம் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் இடிந்த மடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பலவற்றில் நாலு சுவரும் ஒரு சன்னல் வளைவும்தான் மிச்சம். இன்ச்கோல்மில் துறவிகள் நடந்த தாழ்வாரம், தூங்கிய கூடம், கூடிப் பேசிய அறை எல்லாம் கூரையோடு நிற்கின்றன. ஒரு படத்தில் அதைப் பார்த்த நாளிலிருந்து போக வேண்டும் என்று மனதில் கிடந்தது.

"இத்தனூண்டு தீவுக்கு நாலு நாளா?" என்றார் அம்மா. காற்று பலமாக அடித்தால் படகு விட மாட்டார்கள், அதற்காகத்தான் கையில் நாள் வைத்திருக்கிறேன் என்றேன்.

இன்றைக்கு வெறுமனே துறையைப் பார்த்து வரப் போனோம். டால்மெனி நிலையத்தில் இறங்கி, மரங்களுக்கு நடுவே நீளமான படிக்கட்டில் கீழே வந்தால் சவுத் குவீன்ஸ்ஃபெரி. படி முடிகிற இடத்தில் தலைக்கு மேலே ஃபோர்த் ரயில் பாலம். 1890 மார்ச்சில் திறந்தது, நீளம் 2,467 மீட்டர், அறுபது லட்சத்துக்கும் மேல் ஆணிகள். கட்டும்போது இறந்தவர்கள் 57 பேர் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பழைய பதிவுகளைப் புரட்டி, ஒவ்வொரு பெயராகத் தேடி, 73 பேர் என்று திருத்தியிருக்கிறார்கள். ஒரு ரயில் மேலே போனபோது அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அது மறையும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குவீன்ஸ்ஃபெரி என்ற பெயர் 11ஆம் நூற்றாண்டு ராணி மார்கரெட்டால் வந்தது. வடக்கே புனித ஆண்ட்ரூவின் ஆலயத்துக்குப் போகிற யாத்ரீகர்கள் கழிமுகத்தைக் கடக்க அவர் இங்கே படகு விட்டார். அவர் மகன்தான் முதலாம் அலெக்சாந்தர். 1123இல் அந்த ராஜா இதே துறையில் கடக்கும்போது தென்மேற்குக் காற்று படகை அடித்துக்கொண்டு போய் இன்ச்கோல்மில் ஒதுக்கியது என்கிறது மடத்தின் கதை. அங்கே கொலும்பாவை வணங்கிக்கொண்டு ஒரு துறவி தனியே இருந்தாராம். ஒரே ஒரு பசு, அதன் பால். பாறையில் பொறுக்கிய சிப்பி, சிறு மீன். ராஜாவும் கூட வந்தவர்களும் மூன்று நாள் அதைச் சாப்பிட்டே இருந்தார்கள். உயிரோடு கரை சேர்ந்தால் இங்கே மடம் கட்டுகிறேன் என்று ராஜா நேர்ந்துகொண்டார்.

அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "ராஜா கூட்டத்துக்கே ஒரு பசுவோட பால் போதுமா? அந்த மனுஷன் மூணு நாளும் தான் சாப்பிட்டிருக்க மாட்டார்" என்றார். நான் இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்தத் துறவியின் பட்டினி எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு, ஜூன் 8

காற்று. காலையிலேயே படகு இல்லை என்று செய்தி வந்துவிட்டது. சீட்டை நாளைக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

சரி, தீவுக்குப் போக முடியாவிட்டால் தீவுக்கு எதிரே போவோம் என்று ரயிலேறி பாலத்தைக் கடந்து அபர்டூர் போனோம். நிலையம் முழுக்கப் பூச்செடி. ஊரில் 12ஆம் நூற்றாண்டுச் சிறு கோயில் ஒன்று, பக்கத்திலேயே பாதி இடிந்த கோட்டை. அவற்றில் அதிக நேரம் நிற்கவில்லை, எனக்குக் கடற்கரைக்குப் போகிற அவசரம்.

ஹாக்கிரெய்க் முனையில் நின்றால் இன்ச்கோல்ம் நேர் எதிரே தெரிகிறது. இரண்டு மேடு, நடுவே இடுப்பு போல ஒடுங்கிய தாழ்வு. மடத்தின் கோபுரம் அந்தத் தாழ்வில். கூப்பிட்டால் கேட்கும் தூரம் போல இருக்கிறது, ஆனால் நடுவில் தண்ணீர் கறுத்து, வெள்ளை நுரை எகிறிக்கொண்டிருந்தது. தீவுக்கும் இந்தக் கரைக்கும் நடுவே உள்ள ஆழத்துக்கு 'மார்ட்டிமர் ஆழம்' என்று பெயர். அபர்டூர் பிரபுவான ஆலன் டி மார்ட்டிமர், தன்னை மடத்துக் கோயிலுக்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்று நிலத்தில் பாதியைத் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தாராம். ஈயப் பெட்டியில் வைத்து உடலைக் கொண்டுபோனபோது புயல் வந்து பெட்டி கடலுக்குள் போய்விட்டது என்று கதை.

தம்பி அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாங்களா?" என்றான். கொடுத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் வெயில் வந்தது. காற்று மட்டும் நிற்கவில்லை. அம்மா முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார். இந்தத் தண்ணீரைத் தாண்டித்தானே எல்லாம் போயிருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மாவு, பீர் பீப்பாய், விறகு, கல், சுண்ணாம்பு, எழுதுவதற்குத் தோல், விளக்குக்கு மெழுகு. "விறகுக்கு என்ன பண்ணியிருப்பாங்க?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். மரமே இல்லாத தீவு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள், திங்கள், ஜூன் 9

இன்றைக்குப் படகு போயிற்று. அதுவும் ஜூன் 9! கொலும்பா 597இல் மேற்கே அயோனா தீவில் இறந்த நாள். ஒவ்வொரு வருஷமும் இந்த மடத்தில் பெருவிழாவாகக் கொண்டாடிய நாள். நேற்றைய காற்று இதற்காகத்தான் அடித்ததோ என்று கூடத் தோன்றியது.

பாலத்துக்குக் கீழே படகு போகும்போது எல்லோரும் அண்ணாந்தார்கள். ஒரு மிதவைமேல் நீர்நாய் மாதிரி ஏதோ படுத்திருக்கிறது என்று அம்மா காட்டினார். சீல். மூன்று சீல்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் வெயில் காய்ந்தன. முக்கால் மணி நேரப் பயணம். தீவில் ஒன்றரை மணி நேரம் தருகிறார்கள். அது போதாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இறங்கியதுமே கடற்காகங்கள். ஜூன் மாதம் குஞ்சு பொரித்திருக்கும் காலம். மேட்டுப் பக்கம் யாராவது போனால் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து வருகின்றன. எது உயரமோ அதைத்தான் தாக்கும், குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் போதும் என்றார் படகில் வந்த பெரியவர் ஒருவர். மூன்று பேரும் ஒரே குடைக்குள் நடந்தோம். மடத்து முற்றத்தின் புல்லிலேயே ஒரு குஞ்சு நின்றது. சாம்பல் பஞ்சில் கரும்புள்ளி, தாய் கத்தக் கத்த அப்படியே உறைந்து உட்கார்ந்துவிட்டது.

மடத்து வாசலில் லத்தீனில் ஒரு வாசகம் உண்டு. நான் இந்தத் தீவைத் தேடி வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். 'எறும்பு கடலலைகளைக் குடித்து முடிக்கும் வரை, ஆமை உலகம் முழுவதையும் சுற்றி வரும் வரை, இந்த வீடு நிற்கட்டும்.' அம்மாவுக்குப் பொருள் சொன்னேன். "நம்ம பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனை மாதிரி" என்றார் உடனே. ஆமாம், அதே மாதிரிதான். அங்கே அது பணிவு, இங்கே அது ஆசை.

உள்ளே நுழைந்தால் நடுவில் சதுர முற்றம், சுற்றித் தாழ்வாரம். வழக்கமாக மடங்களில் இந்தத் தாழ்வாரம் கட்டடத்துக்கு வெளியே சாய்ப்பாக இறக்கியிருக்கும். இங்கே கட்டடத்தின் கீழ்த்தளமே தாழ்வாரம். அதற்கு நேர்மேலே படுக்கைக் கூடம், உணவுக் கூடம், விருந்தினர் தங்கும் கூடம். இடம் குறைவு, காற்று அதிகம். ஒரு மனிதன் மழையில் நனையாமல் எல்லா வேலைக்கும் போய்வரும்படி வீட்டைச் சுருக்கி மடித்துக் கட்டியிருக்கிறார்கள். சன்னல்கள் சின்னது. தாழ்வாரத்தின் வளைந்த கல் கூரை கைக்கெட்டும் உயரம் போலத் தாழ்ந்து, இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. கடற்காகங்களின் கூச்சல் அங்கே சட்டென்று அடங்கிவிடுகிறது.

கூடி ஆலோசிக்கும் அறை எட்டு மூலை கொண்டது, 13ஆம் நூற்றாண்டு. கூரையும் கல்தான். சுவரைச் சுற்றிக் கல் திண்ணை. தினமும் காலையில் துறவிகள் இங்கே உட்கார்ந்து தங்கள் ஒழுங்கு விதியில் ஒரு பகுதியைப் படிக்கக் கேட்பார்கள், தவறுகளை ஒப்புக்கொள்வார்கள், மடத்து நிலபுல விவகாரம் பேசுவார்கள். மேல்மாடியில் குளிர்காயும் அறை. விறகைப் பற்றிக் கேட்ட அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இத்தனை பேர் இருந்த வீட்டில் குளிர்காயவென்று நெருப்பு வைத்த அறை அது. அம்மா கணப்பு இருந்த சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூக்கத்துல எழுந்து ஜெபத்துக்குப் போகணுமே, பாவம்" என்றார்.

இங்கே இருந்தவர்கள் அகுஸ்தினார் சபைத் துறவியர். அலெக்சாந்தர் நேர்ந்துகொண்ட மறுவருஷமே, 1124இல் இறந்துவிட்டார். தம்பி முதலாம் தாவீது அரசராகி அந்த நேர்ச்சையை நிறைவேற்றினார். 1235இல் இது பெரிய மடமாக உயர்ந்தது. ஆனால் தனிமையைத் தேடி வந்தவர்களைக் கடல் சும்மா விடவில்லை. இங்கிலாந்தோடு போர் வந்த காலத்திலெல்லாம் இந்தத் தீவு வழியில் இருந்தது. கப்பல்கள் வந்து கொள்ளையடித்தன. கோடையில், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், எதிரிக் கப்பலுக்குப் பயந்து துறவிகள் தீவை விட்டுக் கரைக்குப் போய்த் தங்கியதும் உண்டு. நமக்கு நேற்று காற்று இடைஞ்சலாகத் தெரிந்தது. அவர்களுக்குக் காற்றடிக்கும் நாள்தான் நிம்மதி.

இந்த நெருக்கடிக்கு நடுவே ஒருவர் இங்கே உட்கார்ந்து நாட்டின் வரலாறு முழுவதையும் எழுதினார். வால்டர் போவர். 1417 வாக்கில் மடத்தின் தலைவரானவர். 1440களில், எதிர்க்கரையில் ரோசைத் ஊர்ப் பிரபு கேட்டுக்கொண்டதால் தொடங்கி, 'ஸ்காட்டிக்ரானிக்கான்' என்ற நூலை லத்தீனில் 16 பாகங்களாக எழுதினார். அலெக்சாந்தரின் புயலும் அந்தத் துறவியின் பசுவும் நமக்கு அவர் எழுத்து வழியாகத்தான் கிடைத்திருக்கின்றன. நூலின் கடைசியில், 'கிறிஸ்துவே, இந்த நூல் பிடிக்காதவன் ஸ்காட்லாந்துக்காரனே அல்ல' என்று ஒரு வரி வைத்தார். எழுதி முடித்த உற்சாகம் அப்படியே கேட்கிறது! அவர் வைத்திருந்த பிரதி இன்று கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியில் இருக்கிறது. அவர் 1449இல் இறந்தார். எந்தச் சன்னலடியில் எழுதினார் என்று தேடினேன். தென்பக்கச் சன்னல் ஒன்றில் நல்ல வெளிச்சம் விழுந்தது. அங்கேதான் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

கோயில்தான் ரொம்பச் சிதைந்திருக்கிறது. தூங்கிய இடத்துக்கும் சாப்பிட்ட இடத்துக்கும் கூரை இருக்கிறது. பாடிய இடத்தில் புல். அடித்தளக் கற்கள் கால் முட்டி உயரத்துக்கு நீண்டு கிடக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் பழைய பாடகர் பகுதியின் சுவரில், ஒரு கல்லறை மாடத்துக்குள் ஒரு ஓவியத்துண்டு தப்பியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு. குருக்கள் வரிசையாகப் போகும் இறுதி ஊர்வலம். மேல்பகுதி போய்விட்டதால் முகங்கள் இல்லை. அங்கிகள் மட்டும் இருக்கின்றன. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். காவிச் சிவப்புக் கோடு, ஒரே இழுப்பில் தோளிலிருந்து கீழே இறங்கி, ஓரத்தில் லேசாகத் திரும்புகிறது. ஈரச் சுண்ணாம்பு வெளுத்து உப்பு பூத்திருக்கிறது, அந்தக் கோடு மட்டும் மங்காமல் நிற்கிறது. தூபக்கலசம் பிடித்த கை ஒன்று என்று சொல்கிறார்கள். நான் பார்த்தது துணி நடந்துபோவதைத்தான். முகமில்லாத துணிக்கே அந்தத் துக்கம் இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனால் இந்த மாடத்தைத் தவறவிடாதீர்கள். கோபுரத்துக்கு ஓடுகிற அவசரத்தில் பலர் பார்க்காமலே கடந்துபோனார்கள்.

கோபுரத்துச் சுழல்படி மிகக் குறுகல், அம்மா கீழேயே நின்றுவிட்டார். நானும் தம்பியும் ஏறினோம். மேலே நின்றால் தீவு முழுக்க ஒரு கைக்குட்டை. இரண்டு பக்கமும் கடற்கரை, மேற்கே அந்தத் துறவி இருந்ததாகச் சொல்லப்படும் சின்னக் கல்குடில், கிழக்கே முதல் உலகப் போரில் பீரங்கி வைத்த மேடு. அந்த மேட்டைக் குடைந்து 1916இல் ராணுவத்தினர் ஒரு சுரங்கவழியும் வெட்டினார்கள். எடுத்துக்கொள்ளப்பட்டது இந்த ஒரு தீவு மட்டுமில்லை, கழிமுகத்துத் தீவுகளில் பலவற்றில் பீரங்கி இருந்தது. இரண்டாம் போரில் பிரிட்டன்மேல் ஜெர்மன் விமானங்கள் நடத்திய முதல் தாக்குதலும், 1939 அக்டோபர் 16, இந்தத் தண்ணீரில் நின்ற கப்பல்கள் மேல்தான். போவர் காலத்துப் பயம் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

1560இல் ஸ்காட்லாந்து ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகியபோது மடத்து வாழ்க்கை முடிவுக்கு வந்தது. கரையில் இருந்த மடங்களின் கல்லை அக்கம்பக்கத்து ஊர்கள் வண்டி வண்டியாக எடுத்துக்கொண்டு போயின. இங்கே கல் எடுக்கவும் படகு வேண்டும், காற்று நிற்கவும் வேண்டும். எறும்பு இன்னும் குடித்து முடிக்காத இந்தக் கடல்தான் அந்த வீட்டைக் காத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

திரும்பும் நேரத்துக்கு அம்மாவைக் காணோம். எட்டு மூலை அறையில் கல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அந்த அறை சின்னச் சத்தத்தையும் வாங்கிச் சுற்றவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. வாசலில் நின்ற எனக்கு முழுப் பதிகமும் கேட்டது. அவர் முடிக்கும் வரை நின்றேன். படகு இரண்டு முறை ஊதிவிட்டது.

நான்காம் நாள், செவ்வாய், ஜூன் 10

இன்று எங்கும் போகிற திட்டமில்லை. எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில், இன்ச்கோல்மில் பாடிய பாட்டுச் சுவடியின் சில தோல் ஏடுகள் இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டு. சுரக்குறிப்போடு எழுதியவை, கொலும்பா திருநாளுக்கு உரிய பாட்டுகள். ஏட்டை நேரில் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்க வேண்டும், அந்த யோசனை எனக்கு வராமல் போயிற்று. ஆனால் அந்தச் சுரங்களைப் பார்த்து இந்தக் காலத்துப் பாடகர்கள் பாடிய பதிவு கிடைக்கிறது. தம்பி தேடி எடுத்தான்.

சாயங்காலம் கால்டன் குன்றில் ஏறி உட்கார்ந்தோம். மணி எட்டரை, வெயில் இன்னும் சாயவில்லை. வடமேற்கே கழிமுகம் வெள்ளித்தகடாகக் கிடந்தது, எதிர்க்கரையோடு ஒட்டி ஒரு கரும்புள்ளி. அதுதான் என்று தம்பி காட்டினான். அம்மாவின் காதில் ஒன்றும் என் காதில் ஒன்றுமாக மாட்டிக்கொண்டு கேட்டோம்.

வாத்தியம் எதுவும் இல்லை. ஆண்குரல்கள், ஒரே சுருதி, மெதுவாக ஏறி இறங்குகின்றன. நான் பொருளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். 'பேசாதார் வாயே, காணாதார் ஒளியே, நடவாதார் காலே, விழுந்தோர்க்குக் கை நீட்டுவாய்.' அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த விளி அவருக்குப் புதிதே இல்லை. சாமி பெயரை மாற்றினால் எங்கள் ஊர்க் கோயிலில் சாயரட்சைக்குப் பாடலாம்.

இன்னொரு பாட்டில், 'தந்தை கொலும்பாவே, உன்னைப் புகழும் இந்தப் பாடகர் கூட்டத்தை ஆங்கிலேயரின் தாக்குதலிலிருந்து காப்பாற்று' என்று வருகிறது. படித்ததும் எனக்கு நேற்றுப் பார்த்த புல்தரைதான் கண்ணில் வந்தது. கப்பல் வருகிறதா என்று ஒரு காதைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு, மறுகாதால் சுருதியைப் பிடித்துப் பாடியிருக்கிறார்கள்.

"இதை அங்கேயே கேட்டிருக்கலாமே, நேத்து" என்றார் அம்மா.

ஆமாம். நேற்றே தேடியிருக்க வேண்டும். அந்தக் கூரையில்லாத இடத்தில், அதே திருநாளில், இரண்டு நிமிஷம் ஒலிக்க விட்டிருக்கலாம். இனி போகிறவர்கள் யாராவது இதைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அம்மா மறுபடி முதல் பாட்டையே வைக்கச் சொன்னார். மூன்றாவது தடவை ஓடும்போது இரண்டாம் அடியை அவரும் கூடவே இழுக்க ஆரம்பித்திருந்தார், வார்த்தை இல்லாமல், சுரம் மட்டும்.